உரிமையாளர் உள்ள விளையாட்டு

ஐயா,

வீடியோ கேம் போட்டிகளை விளையாட்டாகக் கருதலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், உட்கார்ந்த இடத்தில் விரலை அசைப்பது எப்படி விளையாட்டாகும் என்ற கேள்வியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். சதுரங்கத்தையும் கேரத்தையும் ஏற்றுக்கொண்ட நாட்டில் அந்தக் கேள்விக்கு வலுவில்லை. நாடாளுமன்றமும் 2025-இல் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டத்தில், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்த கையோடு, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் இந்த வீடியோ கேம் போட்டிகளை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. (ரம்மியையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.)

என் தயக்கம் வேறு. கபடிக்கோ கால்பந்துக்கோ உரிமையாளர் என்று எவரும் இல்லை. பந்து தயாரிக்கும் நிறுவனம் மூடப்பட்டாலும் ஆட்டம் நடக்கும். வீடியோ கேம் போட்டிகளில் ஆடப்படுபவையோ பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் சொத்து. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் பதக்கக் கணக்கில் சேராத காட்சிப் பிரிவாக நடந்தபோது, ஹார்த்ஸ்டோன் என்னும் சீட்டு வகை விளையாட்டில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் பிரிவாக உயர்ந்த, சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டியின் பட்டியலிலும் அந்த விளையாட்டு இருந்தது. ஆனால் அதன் உரிமையாளரான பிளிஸார்டுக்கும் சீனாவில் அதை நடத்திவந்த நெட்ஈஸ் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முடிந்ததும், அங்கே சர்வர்கள் நின்றுபோயின. ஹார்த்ஸ்டோனும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எட்டுப் பிரிவுகள் ஏழானது இப்படித்தான். எந்த வீரரும் தவறு செய்யவில்லை. எந்த நடுவரும் விசாரிக்கவில்லை.

இங்கேயும் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்னும் துப்பாக்கிச் சண்டை மொபைல் விளையாட்டு 2022 ஜூலையில் அரசு உத்தரவால் முடக்கப்பட்டு, மறு ஆண்டு மே மாதம்தான் திரும்பியது. அரசுக்கு அதற்கான காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அதையே நம்பிப் பயிற்சி எடுத்த அணிகளுக்குக் களமே இல்லாமல் போயிற்று. முடக்கம் இல்லாத நாளிலும், ஒரு துப்பாக்கியின் வலுவையோ ஒரு கதாபாத்திரத்தின் வேகத்தையோ ஒரே அப்டேட்டில் மாற்றிவிடும் அதிகாரம் சம்மேளனத்திடம் இல்லை, நிறுவனத்திடமே இருக்கிறது.

ஆகவே, கல்லூரி இடத்திலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டை இ-ஸ்போர்ட்ஸுக்கு நீட்டிப்பதற்கு முன்னால், எந்தெந்த விளையாட்டுக்கு அங்கீகாரம் என்பதைப் பெயர் குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். போட்டிக் காலத்தில் விதிகளை மாற்றுவதில்லை என்றும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு இந்தியாவில் சேவையை நிறுத்துவதில்லை என்றும் உரிமை நிறுவனங்களிடம் எழுத்துமூலம் உறுதி பெற வேண்டும். அந்த உறுதியைத் தர மறுக்கும் நிறுவனத்தின் விளையாட்டில் வென்ற சான்றிதழை நம்பி ஒரு மாணவர் பிளஸ் டூ படிப்பைத் தள்ளிவைப்பதற்கு அரசு துணைபோகக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.