பவளத்தொட்டியில் பாசி: ஊற்றும் தண்ணீரை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கடல்மீன் தொட்டிக் கட்டுரை, பாசி பிடித்தால் ‘வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று சொல்லவில்லை. நெல்லைச் சீமையில் பாசித் தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பங்குனி வெயிலில் ஃபேன் இல்லாமல் தொட்டியை 26, 27 டிகிரியில் நிறுத்த முடியாது. ஃபேன் ஓடும் 200 லிட்டர் தொட்டியில் நாளைக்கு 3, 4 லிட்டர் ஆவியாகும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் ஈடுகட்ட நன்னீர்தான் ஊற்ற வேண்டும். மாதத்துக்குச் சுமார் 120 லிட்டர். பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டைக் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. 20 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை மாதம் முழுக்க ஊற்றினால் 2,400 மில்லிகிராம் உள்ளே போகும். தொட்டியில் 12 பிபிஎம் (லிட்டருக்கு 12 மில்லிகிராம்) ஏறும். பவளத்துக்கு 5 முதல் 10 வரை இருந்தால் போதும். மீனுக்கு இரையே போடாவிட்டாலும் கணக்கு தப்பிவிடுகிறது.

வீட்டு ஆர்ஓ இருக்கிறதே என்பார்கள். அதில் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. அதை முழுக்க மூடி, கடைசியில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாயை மாட்டி, டிடிஎஸ் மீட்டர் 0 காட்டினால்தான் அந்த நீர் தொட்டிக்கு ஆகும். ரெசின் தீர்ந்து வரும்போது முதலில் நழுவுவது சிலிக்கா. மணலில் பழுப்புத் தூளாக, சிலிக்காவில் வளரும் டயட்டம் பாசி படிந்தால் மீட்டர் இன்னும் 0 காட்டினாலும் ரெசினை மாற்றிவிடுங்கள்.

உவரியிலிருந்தும் கூத்தங்குழியிலிருந்தும் கேனில் கடல்நீர் கொண்டுவருவதில் தப்பில்லை. ஆனால் மழை விட்ட கையோடும், ஓடை வந்து கலக்கும் இடத்திலும், கடல் நிறம் மாறிய நாளிலும் மொள்ளக் கூடாது. 2019இல் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பூத்து மன்னார் வளைகுடாவே பச்சையானது நினைவிருக்கும். கொண்டுவந்த நீரை வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் மூடி வைத்து, வண்டல் கலங்காமல் மேல்நீரை மட்டும் எடுத்து, அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்த்து ஊற்றலாம். உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளக்கல்) என்று தூத்துக்குடிப் பக்கமிருந்து யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். கல் பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

அடுத்தது பாசியின் இன்னொரு உரமான பாஸ்பேட். 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை சரி. பாஸ்பரஸை பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் காட்டும் மீட்டரில் 20 வந்தால், 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும், 0.06 பிபிஎம். பாறை முழுக்கப் பாசி தழைத்திருக்க மீட்டர் 0 காட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வருவதையெல்லாம் பாசி தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும். அதனால்தான் தண்ணீர் மாற்றிய நாலாம் நாள் அளவு பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை 200 லிட்டருக்கு 50 கிராம் என்று தொடங்குங்கள். பழுப்பு நீர் போகும்வரை அலசிய பிறகே போட வேண்டும். பாஸ்பேட்டை ஒரேயடியாக இறக்கினால் பவளத்தின் சதை உரியும்.

முடிப்பாசியைத் தொட்டிக்குள்ளேயே தேய்த்துக் கலக்கினால் ஒவ்வொரு துணுக்கும் புதிதாக வேர்பிடிக்கும். பாறையை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வாளிக்குள் வைத்துக் கையால் பிடுங்கி, பல் பிரஷால் தேய்க்க வேண்டும். அடிக்கட்டை விடாவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கலில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், ‘20 வால்யூம்’ என்று போட்டிருக்கும். சம அளவு ஆர்ஓ நீர் கலந்து, பவளத்தின் மேல் படாமல் பாசியில் மட்டும் தொட்டுத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டால் நுரைக்கும். வேறு வாளியில் அலசிவிட்டு உள்ளே வையுங்கள். இறாலுக்கு இது ஆகாது. அலசலில் கஞ்சத்தனம் வேண்டாம். குமிழ்ப்பாசியை உடைக்காமல் அடியோடு நெம்பி எடுப்பதோடு சரி. பிறகு நத்தைகளை விடுங்கள்; குட்டையான புல்லைத்தான் அவை மேயும், காட்டை வெட்டாது.

பழுப்புச் சளியில்தான் பலர் தவறுவது. அது டைனோவாக (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக) இருந்தால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். கொஞ்சம் சளியை ஒரு பாட்டிலில் தொட்டி நீரோடு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வைத்துப் பாருங்கள். மறுபடி நூல் நூலாகக் கூடினால் டைனோ. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 ஆகிப்போன தொட்டியில்தான் அது ஆட்டம் போடும். குருணையை எடுத்துவிட்டு, தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தி, இரையைக் கூட்டி, இரண்டையும் மேலே சொன்ன அளவுக்கு ஏற்ற வேண்டும். தாளில் மூடி மூன்று நாள் இருட்டடிப்பதும் உதவும். சிவப்புச் சளிக்கு எரித்ரோமைசின் போடச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். பாறையில் கழிவைச் சுத்திகரிக்கும் பாக்டீரியாவும் அதில் அடிபடக்கூடும். மருந்து கலந்த நீர் கடைசியில் ஓடைக்குத்தான் போகிறது. சளியை சைஃபன் டியூபால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை அந்த மூலைக்குத் திருப்பி வையுங்கள்.

பிடுங்கிய பாசியை ஆற்றிலோ உவரிக் கடலிலோ கொட்ட வேண்டாம். வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவருகே பவளங்களின் மேல் படர்ந்தது நம் கடலிலேயே நடந்தது. மொட்டைமாடியில் நொறுங்கக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடல்மீன் தொட்டி பராமரிப்போர்,
பாளையங்கோட்டை.