அந்தக் கடைக்குள் போய் உட்கார், கண்ணு

புது தில்லி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். அப்பாவுக்கு சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கின்றன. நீ அனுப்பிய கம்பளி சாக்ஸை குளிர் வருவதற்கு முன்பே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உலாத்துகிறார்.

புதன்கிழமை போனில் நீ ஒன்று சொன்னாய். ஹாம்பர்க்கில் ஆபீஸ் விட்டு வரும் வழியில், ஸ்டைன்டாம் தெருவில் ஒரு ஆப்கான் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, உள்ளேயிருந்து விசேஷ வீட்டு வாசனை வருகிறது, என்ன கேட்பது எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தினமும் தாண்டி வந்துவிடுகிறேன் என்றாய். வீட்டுக்கு வந்து பிரெட்டைச் சுட்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தின்கிறேன் என்றும் சொன்னாய். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 2017-இல் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, நீ படி கண்ணு" என்று மட்டும்தான் சொன்னேன். பதினொரு நாள் அந்த ஆஸ்பத்திரியில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லவில்லை. ஐ.சி.யு. வாசலில் ஒரு இரும்பு நாற்காலி. கேன்டீனுக்குப் போனால் அந்த நேரம் பார்த்து டாக்டர் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம். முதல் இரண்டு நாளும் டீயும் பிஸ்கட்டும்தான். வாய் விட்டுப் பேச ஒரு ஆள் இல்லை.

அடுத்த நாற்காலியில் ஒரு ஆப்கான் அம்மா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மசார்-இ-ஷரீப்பிலிருந்து கணவரை வைத்தியத்துக்குக் கூட்டி வந்திருந்தார், கூடவே பேரன். அந்த வருஷங்களில் தில்லியின் பெரிய ஆஸ்பத்திரிகளில் எந்த மாடிக்குப் போனாலும் காபூல்காரர்களும் ஹெராத்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் பேசுவதை டாக்டருக்கு இந்தியில் சொல்ல 'தர்ஜுமான்' பையன்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு இந்தி தெரியாது. எனக்கு அவர் பேசிய தாரி தெரியாது. பேரனுக்கு மட்டும் சினிமாவிலும் சீரியலிலும் கேட்டுப் பழகிய கொஞ்சம் இந்தி இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் அவர் பையிலிருந்து பூப்போட்ட துணி ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார். முழ நீள நான் ரொட்டியைத் தட்டு எதுவும் இல்லாமல் துணி மேலேயே வைத்தார். ஒரு டப்பாவில் கத்திரிக்காய், இன்னொன்றில் தயிர். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் கொடுத்து, "நோஷே ஜான்" என்றார். முதல் வாய் வைப்பதற்குள் செக்யூரிட்டி வந்து, இங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று சத்தம் போட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாக எடுத்துக்கொண்டார். இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி, வெளியே வேப்ப மரத்தடியில் மறுபடி விரித்தார். ரொட்டி இன்னும் என் கையில்தான் இருந்தது. மேலே ஐ.சி.யு. வாசலில் பேரனை உட்கார வைத்திருந்தார், அப்பாவுக்காக யாராவது கூப்பிட்டால் ஓடி வந்து சொல்ல.

அந்தத் துணிக்குப் பெயர் தஸ்தர்கான். நோஷே ஜான் என்றால், சாப்பிடுவது உன் உயிருக்கு இனிக்கட்டும் என்று அர்த்தம். அதன் பிறகு ஒன்பது நாளும் நான் தனியாகச் சாப்பிடவில்லை. பேரன் என்னை 'காலா' என்று கூப்பிட ஆரம்பித்தான். அம்மாவின் கூடப் பிறந்தவளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் கழித்து, அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், எங்களை லாஜ்பத் நகருக்கு விருந்துக்குக் கூட்டிப் போனார்கள். மார்க்கெட்டுக்கு நீயும் எத்தனையோ தடவை வந்திருக்கிறாய். அதற்குப் பின்னால் இருக்கும் தெருக்களுக்குள் நாம் போனதே இல்லை. பலகையெல்லாம் தாரி எழுத்தில். வாசலில் தந்தூர் அடுப்பு. ஒருவன் மாவை நீளமாக இழுத்து, விரல் நுனிகளால் அதில் உழவுசால் போலக் கோடு போட்டு, கருஞ்சீரகம் தூவி அடுப்புச் சுவரில் அறைந்து ஒட்டினான். அந்த லாஜ்பத் நகரே 1947 பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்காகக் கட்டியது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும்தான் இப்போது காபூலிலிருந்து வந்தவர்களுக்கு வீடும் கடையும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தெரு பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

காபூலி பலாவ் வந்தது. நீளநீளமான சோறு, மேலே குச்சிகுச்சியாகக் கேரட், உப்பிய கறுப்பு திராட்சை, பாதாம் சீவல். அப்பா பார்த்துவிட்டு, "சைவமாக் கொண்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா கரண்டியால் சோற்றை விலக்கிக் காட்டினார். உள்ளே பெரிய ஆட்டுக்கறித் துண்டு, தொட்டதும் எலும்பை விட்டு வந்தது. நல்ல துண்டைத் தேடி எடுத்து அப்பா பக்கம் தள்ளிவிட்டுத்தான் அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

அதில் மிளகாய் காரம் கிடையாது, கண்ணு. உன் அப்பா ஈரோட்டுக்காரர், பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாய் தெரியாவிட்டால் தட்டை நகர்த்திவிடுவார். முதல் இரண்டு வாய் அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாகத்தான் ஏலக்காயும் சீரகமும் கிராம்பும் கறிச்சாறோடு சேர்ந்து வந்தன, நடுவில் கேரட்டும் திராட்சையும் இனிப்பாக. நம் அரிசியும் பருப்பும் போல, அலட்டிக்கொள்ளாத சாப்பாடு அது. பிரியாணி என்று நினைத்துக்கொண்டு வாய் வைத்தால் ஏமாற்றமாக இருக்கும். நீ அப்படி நினைத்துக்கொண்டு போகாதே.

மந்து என்று ஒன்று உண்டு. மெல்லிய மாவுக்குள் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்து ஆவியில் வேக வைப்பார்கள், கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள். கீழே பூண்டு தட்டிப்போட்ட கெட்டித் தயிர், மேலே குழம்பாகக் கடலைப்பருப்பு, காய்ந்த புதினாத் தூள். அதையே வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் 'கந்தனா' கீரையை வைத்துச் செய்தால் ஆஷக். புரட்டாசி சனிக்கிழமைகளில் நான் பொலானியும் பொரானி பஞ்சானும் வாங்கிக்கொள்வேன். பொலானி உருளைக்கிழங்கு வைத்த மெல்லிய ரொட்டி. பொரானி பஞ்சான் என்பது, அன்று ஆஸ்பத்திரியில் அந்த அம்மா டப்பாவில் கொண்டு வந்தாரே, அந்தக் கத்திரிக்காய்தான். பொரித்து, தக்காளியில் வேக வைத்து, மேலே தயிர் ஊற்றியது. வீட்டில் எத்தனையோ முறை செய்துவிட்டேன், அது எனக்கு நன்றாகவே வருகிறது.

வராதது பலாவின் கேரட்தான். துருவிப் போட்டேன், கூழாகிவிட்டது. அடுத்த முறை கடையில் பரிமாறும் பையனைப் பிடித்துக் கேட்டேன். அவன் சமையற்காரரையே கூட்டிவந்து நிறுத்திவிட்டான். அவர் கை ஜாடையில் சொன்னது இது. புழுங்கலான ஸெல்லா பாஸ்மதியை இரண்டு மணி நேரமாவது ஊற வைக்க வேண்டும். வெங்காயத்தைக் கறுக்கும் ஓரம் வரை வதக்கி, அதில் கறியை வேக வைத்தால் அந்தச் சாறுதான் சோற்றுக்கு நிறம் தரும். அரிசியை முக்கால் பதத்தில் வடித்து, சாற்றில் பிரட்டி, மூடியைத் துணியால் சுற்றி தம் போட வேண்டும். கேரட்டைத் தீக்குச்சி மாதிரி நறுக்கி, கொஞ்சம் சர்க்கரையோடு எண்ணெயில் தனியாகப் பிரட்டி வைக்க வேண்டும். எல்லாம் அப்படியே செய்கிறேன். ஆனாலும் தம்மில் என் கேரட் குழைந்துவிடுகிறது, அவர்களுடையது குச்சியாகவே நிற்கிறது.

பெருங்காயம் இல்லாமல் நம் வீட்டில் ரசம் உண்டா? அதில் பெரும்பங்கு ஆப்கானிஸ்தான் மலைகளில் ஒரு செடியின் வேரைக் கீறி எடுத்த பாலிலிருந்துதான் வருகிறது. நம் நாட்டில் அந்தச் செடியை லாஹௌல் பள்ளத்தாக்கில் நட ஆரம்பித்ததே 2020-இல்தான். அந்தக் கடைகளில் நான் சாப்பிட்ட எந்தத் தட்டிலும் பெருங்காய வாசனை வந்ததில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். இத்தனை வருஷம் அவர்கள் மண்ணின் வாசனையைத் தாளித்துக்கொண்டு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

2021 ஆகஸ்ட் 15-ஆம் தேதி காபூல் தாலிபான் கைக்குப் போனது. பத்து நாளில், இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே கொடுத்த விசாக்கள் செல்லாது என்று நம் அரசு சொல்லிவிட்டது. நோயாளிகள் வரவில்லை என்றால் தர்ஜுமான் பையன்களுக்கு வேலை இல்லை, கடைகளுக்கு ஆள் இல்லை. நாங்கள் அந்தக் குளிர்காலத்தில் போனபோது பத்து மேஜையில் எங்கள் மேஜையில் மட்டும்தான் ஆள். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு. ஐ.நா. கொடுத்த அகதி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எங்கே என்று தெரியாமல் கடையில் பரிமாறும் அந்தப் பையன் எங்களுக்குத் தேநீர் ஊற்றினான். அவனுடைய அம்மா காபூலில். அன்று எங்களிடம் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். இப்போது அவன் கனடாவில் இருக்கிறான். மசார் அம்மாவின் நம்பருக்கு எத்தனை தடவை போட்டாலும் போகவில்லை. பேரனுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். பென்ஷன் வந்த முதல் ஞாயிறு நாங்கள் தவறாமல் லாஜ்பத் நகர் போவது ஏன் என்று நீ கேட்பாய் அல்லவா? இதற்காகத்தான்.

இனி நீ செய்ய வேண்டியது. ஹாம்பர்க்கில் ஆப்கானியர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள், துறைமுகப் பழைய கிடங்குகளில் கம்பளம் விற்றவர்கள் அவர்கள். அதனால் நீதான் அங்கே புதிசு, அவர்கள் இல்லை. உள்ளே போனதும் "சலாம்" சொல். வேலை செய்துகொண்டிருப்பவர்களிடம் "மாந்தா நபாஷி" என்றால், களைப்பு வராதிருக்கட்டும் என்று அர்த்தம், முகம் மலர்ந்துவிடும். ஒரு பலாவ் மட்டும் கேள், ஒருவருக்கு என்று கொடுப்பது இரண்டு பேருக்குக் காணும். மீதியைக் கட்டிக் கேட்க வெட்கப்படாதே. கூட தூக் கேள், புதினா போட்ட மோர் அது, உனக்குப் பிடிக்கும். கையால் சாப்பிடு. ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து ஓரமாக வை, மிதித்துவிடாதே. தேநீர் வேண்டாம் என்றால் கிளாஸை உள்ளங்கையால் மூடி "பஸ்" என்று சொல்லு, இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்டால், போனை எடுத்துக் குனிந்துகொள்ளாதே. ஈரோடு என்று சொல்லு, தில்லி என்று சொல்லு, லாஜ்பத் நகர் என்று சொல்லு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேராகப் போ. சாப்பிட்டுவிட்டு, கேரட்டை எவ்வளவு தடிமனில் நறுக்கியிருந்தார்கள் என்று மறக்காமல் பார்த்து எனக்கு எழுது. ஒரு போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா