ஸ்டெப்னி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகனத் திருட்டைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழு வண்டியும் களவு போவதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி நேரும் இழப்பு அது. எனக்கும் நேர்ந்தது.

என் ஸ்டெப்னி எந்த நாளில் திருடு போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்சக்கரம் பஞ்சரான ஓர் இரவில், ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டு டார்ச் விளக்குடன் வண்டிக்கு அடியில் குனிந்தேன். டயர் இருக்க வேண்டிய இடத்தில் அறுந்த இரும்பு வடம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட முனையில் துரு ஏறியிருந்தது. அப்படியானால் பல நாட்களாகவே, மாற்றுச் சக்கரம் இல்லாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். டயர் போனதைவிட அந்த நினைப்புதான் என்னை உலுக்கியது.

காரில் ஸ்டெப்னி பெரும்பாலும் டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கும். பிக்கப்பில் அது சரக்குத் தட்டுக்கு அடியில், திறந்தவெளியில் தொங்குகிறது. மெல்லிய இரும்பு வடம் ஒன்று ரிம்மின் நடு ஓட்டை வழியாக இறங்கி, அடியில் ஒரு தகட்டால் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பின்பக்க பம்பரில் உள்ள துளை வழியாக நீண்ட கம்பியை நுழைத்துத் திருகினால் டயர் கீழே இறங்கிவிடும். நடுவழியில் நமக்குக் கைகொடுக்கும் இந்த எளிமை திருடனுக்கும் கைகொடுக்கிறது. வண்டி உயரமாக நிற்பதால் அடியில் நுழைவதற்கு ஜாக்கிகூட அவனுக்குத் தேவையில்லை. சில வண்டிகளில் பம்பர் துளைக்குச் சாவிப் பூட்டு உண்டு. என் வண்டியிலும் இருந்தது. கம்பியை நுழைக்க விடாமல் அது தடுக்கும், அவ்வளவுதான். கட்டரோடு வந்து வடத்தையே வெட்டுகிறவனை அது ஒன்றும் செய்யாது.

இப்போது வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியை ரிம்மின் ஓட்டைகள் வழியாகக் கோத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறேன். முதல் தடவை சங்கிலியைத் தளர்வாக விட்டது என் தவறு. ஓடும்போது தடதடவென்று அடித்தது. டயரின் பக்கச்சுவரையும் உராய்ந்தது. அதைவிட மோசம், தளர்ந்து தொங்கும் சங்கிலியைத் தரைவரை இழுத்து, கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி முழு எடையோடு அழுத்தி வெட்ட முடியும். இப்போது சங்கிலிக்கு ரப்பர் குழாய் மாட்டி, இழுத்துக் கட்டியிருக்கிறேன். சைலன்சர் குழாய், பிரேக் குழாய், மின்கம்பிகள் எதிலும் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டின் வளையம் வெளியே எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. குறிப்பிட்ட மாடல்களுக்கென்றே செய்த ஸ்டெப்னிப் பூட்டுகளும் விற்கின்றன. பொருந்துமா என்று விசாரித்து வாங்கலாம்.

பூட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வண்டிக்கு அடியில் சேறும் தண்ணீரும் ஓயாமல் அடிக்கும். ஆறு மாதம் திறக்காத பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டால், மழை இரவில் நடுச்சாலையில் டயர் கண்ணெதிரே இருந்தும் கழற்ற முடியாது. டயரை இறக்கும் வடச்சுருளும் இப்படியே இறுகும். அதனால் சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூட்டைத் திறந்து எண்ணெய் விட்டு, டயரை முழுவதும் இறக்கி, காற்றைச் சரிபார்த்து, மறுபடி ஏற்றுகிறேன். பூட்டின் சாவி வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் இருக்கிறது. வீட்டு அலமாரியில் மட்டும் இருக்கும் சாவியால் வழியில் என்ன பயன்?

ரிம்மில் வண்டியின் பதிவெண்ணைப் பொறித்து வைப்பதும் நல்லது. டயரின் பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது அடையாளம் சொல்ல உதவும். அதில் முடிவாக வரும் நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாத டயருக்கும் வயது ஏறும் என்பதால், எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் அதை வைத்தே கணக்கிடலாம்.

ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயரிலிருந்து வந்தது. மாற்றுச் சக்கரம் இல்லாமலேயே கார்கள் விற்கப்பட்ட காலத்தில், 1904-இல், அங்கேதான் அவசரத்துக்குப் பொருத்தும் சக்கரத்தைச் செய்தார்கள். அன்று தனியாக வாங்கிய பொருளை இன்று வண்டியோடு தருகிறார்கள். ஆனால் என் வண்டியில் அதைக் காப்பதற்கு ஒரு வடமும் ஒரு சிறு பூட்டும்தான் கொடுத்திருந்தார்கள். சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி செய்யத் தெரிந்த நிறுவனங்களுக்கு, வெட்ட முடியாத ஒரு தாங்கியைச் செய்வது கடினமான காரியமா?

உங்கள் இதழில் புதிய பிக்கப் வண்டிகளை மதிப்பிட்டு எழுதும்போது இன்ஜினையும் மைலேஜையும் சொல்வதோடு, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, ஸ்டெப்னி எதில் தொங்குகிறது, எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிக்கப் ஓட்டும் ஒரு வாசகர்