வெட்டி அடுக்கிய மரங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சென்ற அக்டோபரில் எங்களை வெர்மான்ட் மாநிலத்தின் வுட்ஸ்டாக் ஊருக்கு அழைத்துப் போனாயே, அங்கே டாம் மலைப் பாதையோரத்தில் மரங்களை வெட்டி அடுக்கியிருந்ததைக் கண்டு உன் முகம் வாடியது. தேசியப் பூங்காவுக்குள் மரம் வெட்டலாமா, இந்தக் காட்டை உண்டாக்கியவரே ரயில் கம்பெனி நடத்தியவர்தானே, அவரையா காடு காத்தவர் என்று சொல்வது என்று கேட்டாய். ஏற்றத்தில் மூச்சிரைத்ததால் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பியபின் அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஃபிரடெரிக் பில்லிங்ஸ் 1823இல் அந்த மாநிலத்திலேயே பிறந்தவர். 1849இல், தங்க வேட்டைக் காலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். ஆனால் மண்ணைத் தோண்டாமல், நில உரிமை வழக்குகளை நடத்திப் பெரும்பொருள் சேர்த்த வழக்கறிஞர் அவர். பிறகு நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனியில் நில விவகாரங்களைக் கவனித்து, 1879 முதல் 1881 வரை அதன் தலைவராகவும் இருந்தார். தண்டவாளம் போடுவதற்காக அரசு அந்தக் கம்பெனிக்கு ஒதுக்கிய நிலம் ஏறத்தாழ 4 கோடி ஏக்கர். அது ஆளில்லாப் பூமியன்று. பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி. மொன்டானாவில் ஒரு நகரமே இன்று அவர் பெயரால் விளங்குகிறது. ஆகவே உன் கேள்வியின் பாதி நியாயத்தை நான் மறுக்கவில்லை. சம்பாதித்த இடத்தில் ஒரு கணக்கும், பிறந்த மண்ணில் வேறொரு கணக்கும் வைத்திருந்தவர் அவர்.

ஆனால் பிறந்த மண்ணில் அவர் வைத்திருந்த கணக்கு சாதாரணமானதன்று. நீ பார்த்த அந்த மலை 1869இல் காடாக இருக்கவில்லை. மெரினோ செம்மறியாடுகளின் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்த நாளில், வெர்மான்ட்டின் குன்றுகளை மொட்டையடித்து மேய்ச்சல் நிலமாக்கியிருந்தார்கள். மழை மேல்மண்ணை ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தச் சீரழிவைச் சிறுவனாக அதே மலையடிவாரத்து வீட்டிலிருந்து கண்டவர் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ். காட்டை அழித்தால் நீரும் மண்ணும் என்னவாகும் என்பதை 1864இல் ஒரு நூலில் விரிவாக எழுதியவர் அவரே. பில்லிங்ஸ் அந்த நூலைப் படித்தார். மார்ஷ் குடும்பத்தின் பண்ணையையே 1869இல் விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் வேலி போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். மலைச்சரிவில் நார்வே ஸ்ப்ரூஸ், லார்ச், வெள்ளைப் பைன் கன்றுகளை நட்டார். ஆற்றோரச் சமநிலத்திலோ 1871இல் ஜெர்சித் தீவிலிருந்து பசுக்களைத் தருவித்துப் பால்பண்ணை தொடங்கினார். சரிந்து போகும் மண்ணுக்கு மரம், வண்டல் படிந்த மண்ணுக்குப் புல் என்று நிலத்தைப் பார்த்து அவர் பிரித்த பிரிவினை எந்தக் குடியானவனுக்கும் விளங்கும். காட்டுக்குள் குதிரைவண்டிப் பாதைகளை அமைத்து, ஊரார் வந்து பார்க்கவும் வழிவிட்டார். ஓய்ந்துபோன நிலத்தை மீட்க முடியும், மீட்ட பின் அதிலிருந்து வருமானமும் எடுக்க முடியும் என்று அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கண்ணெதிரே காட்டுவதே அவர் விருப்பம். சொந்தப் பணத்தைப் பிற தொழில்களிலிருந்து கொட்ட முடிந்தவருக்கு இது எளிது என்று நீ சொல்வாய், அதுவும் சரிதான்.

1890இல் அவர் காலமான பிறகு மனைவி ஜூலியாவும் மகள்களும் நடுவதையும் பராமரிப்பதையும் நிறுத்தவில்லை. பேத்தி மேரியை 1934இல் மணந்தவர் லாரன்ஸ் ராக்பெல்லர். விமானத் தொழிலிலும் உல்லாச விடுதிகளிலும் முதலீடு செய்த அவரும், ஏறக்குறைய அதே வார்ப்புதான்: கரீபியக் கடலில் செயின்ட் ஜான் தீவில் 5,000 ஏக்கருக்கு மேல் தேசியப் பூங்காவுக்குக் கொடுத்தார், அதே தீவில் கேனீல் பே விடுதியையும் நடத்தினார். 1992இல் இந்தத் தம்பதியர் வுட்ஸ்டாக் மலையையும் வீட்டையும் நாட்டுக்குத் தானமாக வழங்கினார்கள். பண்ணையில் இன்றும் பால் கறக்கிறார்கள்; நீ கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டு நின்றது அங்கேதான்.

இனி அந்த மரங்கள். நெருக்கமாக நட்ட கன்றுகளை உரிய காலத்தில் கலைத்து வெட்டாவிட்டால், வெளிச்சமின்றி எல்லாமே நோஞ்சானாகும். கீழே புதுக்கன்றும் முளைக்காது. நம் தேக்குத் தோப்பில் நான் நெஞ்சு பொறுக்காமல் பத்து வருடம் வெட்டாமல் விட்டேன், ஒன்றுகூடத் தடிக்கவில்லை என்பது உனக்கே தெரியும். நாம் பார்த்த காடு, அமெரிக்காவில் இத்தனை நீண்ட காலமாக இடைவிடாமல் திட்டமிட்டுப் பராமரிக்கப்படும் காடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பராமரிப்பு என்ற சொல்லுக்குள் கோடரியும் அடங்கியிருக்கிறது. அந்தப் பெரிய ஸ்ப்ரூஸ் மரங்கள் அத்தனை நெடிதாக நிற்பதற்கு, அவற்றின் பக்கத்திலிருந்து போன மரங்களும் ஒரு காரணம்.

மேப்பிள் மரத்தில் சாறு இறக்கும் பருவத்தில் மறுபடியும் போகப்போவதாகச் சொன்னாய். அப்போது, அடுக்கியிருந்த கட்டைகள் எந்த மரத்தினுடையவை, எந்த அறுவை மில்லுக்குப் போயின என்று விசாரித்து எழுது. வெட்டிய இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா