எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உடல் பருமன் பற்றி வந்த கட்டுரையில், "வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்குக் கடைசியில் கத்திதான் கதி" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் கட்டுரையாளர் என்றாலும், அதைத் தடித்த எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டது உங்கள் அலுவலகம். எனக்கு இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. என் தம்பிக்கும் நடந்தது. என் மகள் அந்தப் பெட்டியைப் படித்துவிட்டு, இதழை நான் பார்க்காத இடத்தில் வைத்துவிட்டாள்.

நாங்கள் வாயைக் கட்டாமலா இருந்தோம்? பள்ளிப் பருவத்திலிருந்து பட்டினி கிடந்து இளைத்ததும், இளைத்ததைவிட அதிகமாக ஏறியதும்தான் எங்கள் வரலாறு. எடை குறையும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. எரிக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைக் கூட்டுகிறது. பசியைக் கூட்டும் இந்த ஹார்மோன் மாற்றங்கள் ஓராண்டு கழிந்தும் நீடிப்பதை 2011-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். எனக்குச் செய்த ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல் தைக்கிறார்கள். கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதன் பிறகுதான் என் பசி அடங்கியது. அதற்கு முன் எனக்கு மன உறுதி இல்லாமல் போயிற்று என்று யாரும் சொல்லக் கேட்க நான் தயாராக இல்லை.

இது உங்கள் இதழுக்குப் புதிதல்ல என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. முன்பு மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் ஒரு பெண் இதே சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தார். "தினமும் நடங்கள் அம்மா" என்று ஒற்றை வரியில் அவரை அனுப்பிவிட்டீர்கள். பருத்த பெண் நாற்காலியை உடைக்கும் கேலிச்சித்திரத்தைச் சிரிப்புப் பக்கத்தில் எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்! அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை. முழங்கால் வலி என்றாலும், தலைசுற்றல் என்றாலும், பரிசோதிக்காமலே "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் மருத்துவர்களிடம் கேட்டு நொந்தவர்கள், வீட்டுக்கு வந்து உங்கள் இதழிலும் அதையே படிக்கிறோம்.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 40-ஐத் தாண்டினால் மட்டுமே அறுவை சிகிச்சை என்று கட்டுரை சொல்கிறது. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த வரம்பிலேயே, சர்க்கரை போன்ற இணைநோய் உள்ளவர்களுக்கு 35 போதும் என்று இருந்தது. 2022-இல் வல்லுநர் சங்கங்கள் அதையும் திருத்தி, இணைநோய் இல்லாவிட்டாலும் 35 என்றும், ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் சொல்லிவிட்டன. மருத்துவப் பக்கம் நடத்தும் தாங்கள் இதை அறியாதவர் அல்லர்.

நன்மையைச் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை மாத்திரை நின்றது. உறக்கத்தில் மூச்சு அடைத்துத் திடுக்கிட்டு எழுவதும் நின்றது. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய ஆயுள் அப்போதும் 5 ஆண்டுகளுக்கு மேல் குறைவுதான். இரண்டையும் சேர்த்துத்தானே ஒருவர் முடிவெடுக்க வேண்டும்?

ஆனால் உங்கள் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த இந்த அறுவை சிகிச்சை விளம்பரத்தில், கெடுதலைச் சொல்லும் இரண்டாவது பாதி எங்கே? சிரிக்கும் பெண்ணின் "முன்", "பின்" படங்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கம் எங்களைப் பெருந்தீனிக்காரர்கள் என்கிறீர்கள். அந்தப் பக்கம் சிகிச்சையை விற்கிறீர்கள். தையல் கசியலாம், நுரையீரலுக்கு இரத்தக்கட்டி போகலாம், வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம். முதல் 30 நாட்களில் உயிரிழப்பு, 2009-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் ஆயிரத்துக்கு மூன்று. குறைவுதான். அந்த மூவரின் வீட்டாருக்கு அது குறைவல்ல. எனக்கு எதுக்களிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாது. வெட்டிய இரைப்பையை இனி யாரும் ஒட்டிவைக்கப் போவதில்லை. பாதம் மரத்துப்போனபோது, வைட்டமின் பி12 குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் வேறொரு மருத்துவர். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் எத்தனை கிலோ குறையும் என்று சொன்னார்களே தவிர, வாழ்நாள் முழுவதும் இரத்தப் பரிசோதனை தேவை என்பதை அழுத்திச் சொல்லவில்லை.

என் தம்பிக்குச் சிறுகுடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் செய்தார்கள். எடை நன்றாகக் குறைந்தது. எல்லோரும் அவனைப் பாராட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவன் குடிக்கத் தொடங்கியிருந்தான். முன்பெல்லாம் விழாக்களில் மட்டும் தொட்டவன். பைபாஸுக்குப் பிறகு மது இரத்தத்தில் மிக விரைவாக ஏறுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து குடிப் பிரச்சினை கூடுவதை 2012-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டில் ஆறுதல் தேடியவனிடமிருந்து சாப்பாட்டை எடுத்துவிட்டால் அவன் எதைத் தேடுவான் என்று சிகிச்சைக்கு முன் ஒருவரும் அவனிடம் உட்கார்ந்து பேசவில்லை. இப்போது மீண்டு வருகிறான். ஆனாலும், மறுபடி முடிவெடுக்கச் சொன்னால் இதையேதான் செய்துகொள்வேன் என்கிறான். நானும் அப்படித்தான். அறிந்து எடுத்திருக்க வேண்டிய முடிவு என்பது மட்டுமே எங்கள் வருத்தம்.

அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கேட்டாலும் தாங்கள் செய்யப்போவதில்லை. இனி "முன், பின்" படங்கள் வந்தால், "பின்" படம் சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டுக்குப் பிறகு எடுத்தது என்று கீழே போடுங்கள். எடை மிகவும் குறைவது முதல் ஓரிரு ஆண்டுகளில். அதன் பிறகு பலருக்கு ஓரளவு திரும்ப ஏறுகிறது. விளம்பரமானாலும் இந்த விவரத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்குவதானால், தம்பியைப் பற்றிய பத்தியில் கை வைக்காதீர்கள். அவன் சம்மதத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி