நாலாம் மாடித் தாத்தாவின் நோட்டுகள்: நினைவு மலருக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் பழைய மின்தூக்கி ஐந்தாம் மாடியில்தான் நிற்கும். தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்காயும் வெற்றிலையும் பையில் துருத்திக்கொண்டிருக்க, ஐந்துக்குப் போய் ஒரு மாடி இறங்கி வருவார் அவர். பிள்ளைகள் வைத்த பெயர் நாலாம் மாடித் தாத்தா. மேம்பாட்டுப் பணிக்குப் பிறகு மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையனுக்கும் அவர் தாத்தாதான்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழுங்கு செய்தபோது, அலமாரி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பள்ளிக்கூட நோட்டுகள் கிடைத்தன. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட பழைய நோட்டுகள். அவற்றை நினைவு மலராக அச்சிடத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

தாத்தா இருபது வயதில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். 1953இல் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகுவதற்கு முன் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். செம்பவாங் நேவல் பேஸில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், ஸ்டோர் வேலை. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் ஸ்டோர்களிலும் தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர் இருந்த காலம் அது. கான்பரா, வெல்லிங்டன், டர்பன் என்று இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கும் சாலைப் பெயர்களெல்லாம் பிரிட்டிஷ் கடற்படை விட்டுப் போனவை. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டாளிகளுக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுப்பது வேலை முடிந்து வந்த தாத்தாவின் இரண்டாவது வேலை. காசு வாங்கியதில்லை. ஒரு டீ குடிப்பார், அவ்வளவுதான்.

யாருக்கு என்ன எழுதினோம், ஊருக்குப் போகிறவர் கையில் யார் என்ன கொடுத்துவிட்டார்கள் என்பதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மன்னார்குடி. தங்கச்சி கல்யாணம். 40 வெள்ளி. கைலி 2, டார்ச் லைட் 1, கோடாலித் தைலம் 6. போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது." கடைசி வரி மட்டும் வேறு மையில். பதில் வரும்வரை கணக்கை மூடாத மனிதர் என்று அதைப் பார்த்ததும் புரிந்தது.

நோட்டுகளில் கனமான பகுதி 1968க்குப் பிறகு வருகிறது. அந்த ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு பழுதுபார்ப்புத் தளம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. 1971க்குள் படைகளில் பெரும்பகுதி போய்விட்டது. வேலை இருக்குமா, பணிக்கொடை எவ்வளவு வரும், ஊருக்கே திரும்பிவிடலாமா? இதே கேள்விகள்தான் பக்கம் பக்கமாக. பலர் கப்பலேறிவிட்டார்கள். தாத்தா இருந்துவிட்டார். "பெரியவள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள், இனி அவளைக் கலைக்க முடியாது" என்று தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று நடுவில் செருகியிருந்தது. அந்தப் பெரியவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

பிள்ளைகள் படிப்பைப் பார்த்தவர் பேரப்பிள்ளைகளுக்கும் விடவில்லை. ஞாயிறு இரவு அத்தனை பேரின் பள்ளிச் சீருடைகளையும் அவரேதான் இஸ்திரி போடுவார். காலர் மடிப்பில் அவருக்குத் திருப்தி வராது, பாட்டி திட்டும்வரை தேய்ப்பார். அப்புறம் தமிழ் முரசைப் பேனாவும் கையுமாக மறுபடி விரிப்பார். மரண அறிவிப்பில் தெரிந்த பெயர் இருந்தால் வட்டமிட்டு, அந்த வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போன் போகும்.

அவர் பெயரில் ஒரு விருந்து வைக்கலாம், கீழ்த்தளத்தில் ஒரு பெஞ்சு போடலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. விருந்து ஒரு வேளையோடு போய்விடும். பெஞ்சுக்கு நகர மன்ற அனுமதிக்கு அலைய வேண்டும். அலைந்து போட்டாலும் தாத்தா அதில் உட்கார்ந்திருக்க மாட்டார், நின்றுகொண்டே பேசுகிறவர். நோட்டுகளோ பொடிய ஆரம்பித்துவிட்டன. அதில் வரும் பெயர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் தொண்ணூறை நெருங்குகிறார்கள். அதனால் இந்த வேலையை முதலில் செய்வோம் என்று முடிவானது.

மொத்தச் செலவு 8,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். பாதிக்கு மேல் அச்சுக்கே போகிறது. மீதி, நோட்டுகளையும் படங்களையும் மின்னாக்கம் செய்வதற்கும், நேவல் பேஸில் வேலை பார்த்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதற்கும். தட்டச்சும் பிழைதிருத்தமும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். குடும்பத்தார் 3,000 வெள்ளி போட்டுவிட்டார்கள். முழுவதையும் அவர்களே தரத் தயார்தான். ஆனால் நோட்டில் இருப்பது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமில்லையே!

கடன், சண்டை, பெண் பார்த்த விவகாரம் எல்லாமே அந்த நோட்டுகளில் உண்டு. சம்பந்தப்பட்ட குடும்பம் சரி என்று சொல்லாமல் ஒரு வரியும் அச்சாகாது.

பணக் கணக்கு தாத்தா வீட்டார் கையில் இல்லை. ஏழாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். வரவு செலவு முழுவதும் நன்கொடை தந்த எல்லாருக்கும் அனுப்பப்படும். நாங்கள் பதிவு பெற்ற அறநிறுவனம் அல்ல, வரிக்கழிவும் கிடைக்காது. வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க அனுமதி வேண்டும்; நாங்கள் அப்படி வசூலிக்கவில்லை. தெரிந்தவர்களிடம் மட்டுமே கேட்கிறோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கதவைத் தட்டினால் கொடுக்காதீர்கள். இந்த வேண்டுகோளை உங்களிடம் சேர்த்தவரிடமே கேளுங்கள், கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பேநவ் விவரம் தருவார். ஐந்து வெள்ளியானாலும் சரி, ஐந்நூறானாலும் சரி, பெயர்ப் பட்டியலில் தொகை போட மாட்டோம்.

பணம் தர இயலாவிட்டால் பரவாயில்லை. உங்கள் வீட்டில் யாராவது நேவல் பேஸில் வேலை பார்த்திருந்தால் ஒரு சேதி சொல்லுங்கள். அவர்கள் காலத்துப் படங்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். படங்களை ஆல்பத்திலிருந்து உரிக்க வேண்டாம், கிழிந்துவிடும். ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள், அங்கேயே படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நினைவு மலர்க் குழுவினர்
ஈசூன், சிங்கப்பூர்