கூரை நம்மிடம் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு விமானங்களின் பாதுகாப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விமானத்துக்குள் பொருத்தும் எச்சரிக்கைக் கருவிகளை அது தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் பறக்கும் விமானங்களின் ரேடியோ குறிகளைக் கேட்பதற்காகத் தரையில் தன்னார்வலர்கள் அமைக்கும் நிலையங்களை ‘ஆர்வலர்களின் பொழுதுபோக்கு’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்த வரியை மறுக்கவே இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அந்த நிலையங்களுக்கு இடம் கொடுக்க நம் தமிழ்ச் சங்கங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

டர்பனின் வடக்கே, கடலை ஒட்டியிருக்கும் வர்ஜீனியா விமான நிலையத்திலிருந்து பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறக்கின்றன. கரும்புத் தோட்டங்களின் மேல் மருந்து தெளிக்கும் விமானங்கள் தோகையை உரசுவதுபோலத் தாழ்ந்து போகின்றன. மேற்கே டிராகன்ஸ்பர்க் மலையடியில் கிளைடர்களும் பாராகிளைடர்களும் இயந்திரமின்றி மிதக்கின்றன. தரைக் கட்டுப்பாட்டாளர்கள் வழிநடத்தும் வான்வெளிக்கு வெளியே இவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது தங்கள் கண்ணையும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ரேடியோவில் சொல்லும் அறிவிப்பையும்தான்.

கண்ணால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால், இடைவெளி விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் குறைகிறது. எதிரே வருவதைக் கண்டு, மோதும் பாதை என்று உணர்ந்து, கைப்பிடியைத் திருப்பி, விமானம் விலகத் தொடங்க 12.5 விநாடிகள் ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சுற்றறிக்கை சொல்கிறது. அப்படியானால் சுமார் 1,300 மீட்டர் தூரத்திலேயே பார்த்தாக வேண்டும். பத்து மீட்டர் இறக்கையுள்ள விமானம் அந்தத் தூரத்தில், கையை நீட்டிப் பிடித்த ஓர் அரிசியின் நீளமே தெரியும். அதைவிடக் கொடுமை, மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே புள்ளியாக நிற்பது. அசையாத புள்ளியை மனிதக் கண் எளிதில் தவறவிடுகிறது.

இந்தக் குறையைப் போக்கத்தான் 2004இல் சுவிட்சர்லாந்தில் ஃப்ளார்ம் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவி பிறந்தது. தன் இடத்தையும் அடுத்த சில விநாடிகளில் போகப்போகும் பாதையையும் அது சிறு ரேடியோ அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் ஆற்றல் குறைவு. ஒரு மலைத்தோள் குறுக்கே வந்தாலே கேட்காது. வேறு வகைக் கருவி வைத்திருப்பவர் வேறு அலைவரிசையில் பேசுகிறார். அவருக்கு இவர் பேச்சு புரியாது. இந்த இடத்தில்தான் தரை நிலையம் வேண்டியிருக்கிறது. உயரத்தில் ஓர் ஆண்டெனா, தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட மலிவான யூஎஸ்பி ரிசீவர், கையடக்கமான ராஸ்பெர்ரி பை கணினி, இணைய இணைப்பு: இவ்வளவுதான். ஓப்பன் கிளைடர் நெட்வொர்க் என்ற பெயரில் பல நாடுகளின் தன்னார்வலர்கள் இப்படித்தான் தங்கள் வீட்டுக் கூரைகளையும் விமானத் திடல்களையும் இணைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பைலட்அவேர் என்ற இன்னொரு வகை எச்சரிக்கைக் கருவியின் பயனர்கள் அமைத்த ஆட்டம் கிரிட் வலை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு வகைக் கருவியின் செய்தியைக் கேட்டு, மற்ற வகைக்காரருக்குப் புரியும் வடிவில் தரையிலிருந்தே திரும்ப ஒலிபரப்புகிறது.

ஒரு விமானம் தொலைந்துபோனால், கடைசியாக எங்கே பறந்தது என்பதும் இந்த நிலையங்கள் கேட்டுச் சேர்த்த பதிவில் இருக்கும். தேடுபவர்கள் ஒரு மாவட்டத்தை அலசாமல் ஒரு பள்ளத்தாக்கோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது. இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

நம் மண்ணுக்கு நிலையங்கள் ஏன் நெருக்கமாக வேண்டும்? 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்குக் கணக்குப்படி ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அலை எட்டும் எல்லை, 70 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கரும்பின் மேல் மூன்று மீட்டரில் பறப்பவருக்கோ அது ஏழு கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது, அதுவும் சமதளத்தில். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவில் இருப்பதன் பெயரே ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு! ஒரு நிலையம் ஒரு குன்றின் இந்தப் பக்கத்தை மட்டுமே பார்க்கும்.

இப்போது நம் ஊர்களை அந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டாங்கர், தொங்காட், வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், தெற்கே உம்சின்டோ, போர்ட் ஷெப்ஸ்டோன். 1860இல் தோட்ட வேலைக்காக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களையும் பின்னால் வந்தவர்களையும் கரும்பு எங்கெல்லாம் இழுத்துச் சென்றதோ, அங்கெல்லாம் ஒரு கோயில் மண்டபமோ சங்கக் கட்டடமோ நிற்கிறது. அரசு பாதிப் பணம் தந்தால் மீதியைத் தாமே திரட்டிப் பள்ளிக்கூடம் கட்டிய சமூகம் நாம். ஓர் ஆண்டெனாக் கம்பத்துக்கு நாம் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு பயனும் உண்டு. அதே கணினியில் இரண்டாவது ரிசீவரைச் செருகினால் 1090 மெகாஹெர்ட்ஸில் வரும் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சொல்லும் விமானக் கருவி) குறிகளையும் கேட்கலாம். தன் இடத்தைச் சொல்லாத பழைய டிரான்ஸ்பாண்டராக இருந்தாலும், ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய எண்ணைச் சேர்த்து அனுப்பும் மோட்-எஸ் வகையாக இருந்தால், ஒரே குறியை நான்கு நிலையங்கள் கேட்ட நேர வித்தியாசத்தை வைத்து விமானத்தின் இடத்தைக் கணக்கிட முடியும். நான்கும் கடற்கரையோடு ஒரே வரிசையில் நின்றால் கணக்குத் தடுமாறும். ஆகவே கரையோரச் சங்கங்கள் மட்டும் முன்வந்தால் போதாது, கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர்களும் சேர வேண்டும்.

நடைமுறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் தொடங்கி ஆறு மாதத்தில் செத்துப்போகும் நிலையத்தால் யாருக்கும் பயனில்லை. மின்வெட்டுதான் முதல் எதிரி. திடீரென்று மின்சாரம் போனால் கணினியின் மெமரி கார்டு கெட்டுப்போகும். இந்தக் கணினி இழுப்பது ஐந்து வாட் அளவுதான். சிறிய பேட்டரி ஒன்றே நான்கு மணி நேர மின்வெட்டைத் தாங்கும். அதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். கடற்காற்றின் உப்பு ஆண்டெனா இணைப்புகளை அரிக்கும், ஆகவே நீர்புகாத நாடாவை இறுக்கிச் சுற்ற வேண்டும். வடகரையில் குரங்குகள் கேபிளைக் கடிக்கும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோக வேண்டும். கோடை இடிமழைக்குக் கம்பத்துக்கு எர்த் இணைப்புக் கொடுக்காமல் விடவே கூடாது. கோபுரத்தின் மேல் எதையும் வைக்கும்படி நான் கேட்கவில்லை. மண்டபத்தின் பின்சுவர் போதும்.

அண்டை வீட்டார் அஞ்சத் தேவையில்லை. கேட்க மட்டும் செய்யும் நிலையம் எந்த அலையையும் வெளியிடுவதில்லை. திரும்ப ஒலிபரப்புவதற்கு உரிய அனுமதி வேண்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தங்கள் பயணம் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைக்கும் விமானிகள் கருவியிலேயே அப்படிக் குறித்து வைக்கலாம். ஓப்பன் கிளைடர் நெட்வொர்க் அதை மதிக்கிறது. விமானிகளிடம் நான் வேண்டுவதும் ஒன்று இருக்கிறது: இணையம் வழியாக வரும் படம் சில விநாடிகள் பிந்தியே வரும், கருவி இல்லாத விமானம் அதில் தெரியவே தெரியாது. கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டு வெளியே பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

சங்கங்களின் அடுத்த செயற்குழுக் கூட்டங்களில் இது ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று தங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். கட்டடத்தின் உயரம், எந்தத் திசையில் குன்று மறைக்கிறது, இணைய வசதி உண்டா, மாதம் ஒருமுறை கூரையேறிப் பார்க்க ஓர் இளைஞர் இருக்கிறாரா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதித் தங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெருலத்துக்கு மேற்கே என்ட்வெட்வே குன்றுகளைப் பார்த்தபடி இருக்கும் கட்டடங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே கம்பம் நடுவதற்கும் இளைஞர்களுக்குக் கற்றுத் தருவதற்கும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியர்,
வெருலம், குவாசூலு-நட்டால்